தானே சுத்தமாகும் மின் அடுப்பு: பயன்பாடும் பராமரிப்பும்

அமெரிக்காவிலோ கனடாவிலோ ஒரு வீட்டுக்குக் குடிபோனால், சமையலறையில் இடுப்புயரத்துக்கு ஒரு பெட்டி நிற்கும். மேலே நான்கு பர்னர், நடுவில் ஓவன், அடியில் ஓர் இழுப்பறை. எல்லாம் சேர்ந்ததுதான் ரேஞ்ச். மின்சாரத்தில் ஓடுவது என்றால், கியாஸ் அடுப்பில் பழகிய கைக்கு முதல் சில வாரம் தடுமாற்றம் இருக்கும். காரணம் ஒன்றுதான்: தீ கண்ணுக்குத் தெரியாது. எரிகிறதா, அணைந்ததா, ஆறியதா என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது. கீழே வரும் எச்சரிக்கைகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு காரணத்தால் வந்தவை.

முதல் நாள், பால் காய்ச்சும் முன்

1. ஓவன் கதவைத் திறந்து உள்ளே பாருங்கள். புது ரேஞ்ச் என்றால் கையேடு, டேப், அட்டை, பிளாஸ்டிக் உறை உள்ளேயே இருக்கும். பழையது என்றால் முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன தட்டு, ஃபாயில் கிடக்கலாம். எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.

2. பிரேக்கரைக் கண்டுபிடியுங்கள். ரேஞ்சுக்கு 240 வோல்ட்டில் தனி இணைப்பு உண்டு. மின்பெட்டியில் 40 அல்லது 50 ஆம்பியர் என்று எழுதிய இரட்டை ஸ்விட்ச்தான் அது. அவசரத்தில் இருட்டில் தேடிக்கொண்டிருக்க முடியாது. இன்றே ஒரு சீட்டு எழுதி ஒட்டுங்கள். பெரிய அடுக்குமாடிக் கட்டடங்கள் பலவற்றில் 208 வோல்ட்தான் வரும். அங்கே ஓவன் சூடாகச் சற்று அதிக நேரம் எடுத்தால் அது பழுதில்லை.

3. கவிழ்தடுப்புப் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ரேஞ்சின் பின்காலைப் பிடித்துக்கொள்ள சுவரிலோ தரையிலோ திருகியிருக்கும் சின்ன இரும்புத் துண்டு இது. திறந்த ஓவன் கதவில் குழந்தை ஏறி நின்றால், இந்தப் பட்டை இல்லாத ரேஞ்ச் அப்படியே முன்னால் சாயும். மேலே கொதிக்கும் ரசம் குழந்தைமேல் கொட்டும். அடி இழுப்பறையைக் கழற்றி, டார்ச் அடித்து, பின்கால் பட்டைக்குள் நுழைந்திருக்கிறதா என்று பாருங்கள். சுத்தம் செய்வதற்காக ரேஞ்சை வெளியே இழுத்தவர்கள் திரும்பத் தள்ளும்போது காலைப் பட்டைக்குள் நுழைக்க மறந்துவிடுவது சகஜம். வாடகை வீட்டில் பட்டையே இல்லையென்றால் உரிமையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். இந்தப் பட்டியலில் எதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

4. புது ஓவனை ஒருமுறை வெறுமனே ஓட்டுங்கள். 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் (சுமார் 175 செல்சியஸ்) அரை மணி முதல் ஒரு மணி நேரம், ஜன்னல் திறந்திருக்கட்டும். தொழிற்சாலையில் பூசிய எண்ணெய் எரிந்து ஒரு வாடை வரும், அது போய்விடும்.

5. மாடல் எண்ணைப் போனில் படமெடுத்து வையுங்கள். கதவைத் திறந்தால் சட்டத்தின் ஓரத்திலோ, இழுப்பறைக்குப் பின்னாலோ ஒட்டியிருக்கும். கையேடு தொலைந்திருந்தால் தயாரிப்பாளரின் தளத்தில் இந்த எண்ணைக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். நான் சொல்வதும் உங்கள் கையேடு சொல்வதும் வேறுபட்டால், கையேட்டையே கேளுங்கள்.

அணைத்த பிறகும் சூடு

பர்னர் இரண்டு வகை. கறுப்புச் சுருள் வெளியே தெரிந்தால் காயில் அடுப்பு. வழவழப்பான கண்ணாடிப் பரப்புக்கு அடியில் சுருள் இருந்தால் கிளாஸ்டாப். (இண்டக்ஷன் வேறு சங்கதி, அதற்கு இந்த அத்தியாயத்தில் இடமில்லை.) இரண்டிலும் குமிழைத் திருகி அணைத்தாலும் சூடு உடனே இறங்காது. கண்ணாடியின் சிவப்பு மறைந்த பிறகும் தோலைப் பொசுக்கும் சூடு வெகுநேரம் இருக்கும். ‘ஹாட் சர்ஃபேஸ்’ விளக்கு அணையும்வரை கை வைக்காதீர்கள். பிளாஸ்டிக் கரண்டி, பால் பாக்கெட், கைத்துணி எதையும் அதன்மேல் வைக்காதீர்கள்.

சமையலுக்கு இது கற்றுத் தருபவை:

பால் பொங்கினால் குமிழைத் தேடாதீர்கள். பாத்திரத்தைத் தூக்குங்கள், பிறகு அணையுங்கள்.

குக்கரில் வேண்டிய விசில் வந்ததும் அணைத்தால் போதாது; அதே பர்னரில் விட்டால் இன்னும் ஒன்றிரண்டு விசில் வந்து பருப்பு களியாகும். சூடில்லாத பர்னருக்கு மாற்றுங்கள். இதற்காகவே ஒரு பர்னரைக் காலியாக வைத்திருப்பது நல்ல பழக்கம்.

சாதம், கூட்டு போன்றவற்றுக்கு இரண்டு மூன்று நிமிடம் முன்னதாகவே அணைத்துவிடலாம். மிச்சச் சூடே வேக வைத்துவிடும்.

கிளாஸ்டாப்பில் சுருள் சிவந்தும் மங்கியும் மாறி மாறித் தெரிவது இயல்பு. சூட்டைக் கட்டுப்படுத்தும் முறையே அது. புதிதாக வரும் காயில் அடுப்புகளில் நடுவில் ஒரு வெப்ப உணரி இருக்கும். பாத்திரம் அளவுமீறிச் சூடானால் மின்சாரத்தைக் குறைத்துவிடும். எண்ணெய்த் தீயைத் தடுக்க வந்த ஏற்பாடு. அடி நெளிந்த வாணலியை அதில் வைத்தால் உணரி சரியாகத் தொடாது, ‘அடுப்பு சூடே ஏறவில்லை’ என்று தோன்றும். குறை அடுப்பில் இல்லை, வாணலியில்.

கண்ணாடிப் பரப்புக்கு எது ஆகும், எது ஆகாது

தட்டை அடி உள்ள கனமான எவர்சில்வர் பாத்திரம் முதல் தரம். உருண்டை அடி வாணலி ஒரு புள்ளியில்தான் தொடும், ஆகாது. பாத்திரத்தின் அடி பர்னர் வட்டத்தைவிட ஓர் அங்குலத்துக்கு மேல் வெளியே போகக் கூடாது.

இரும்பு தோசைக்கல்லை வைக்கலாம், மூன்று நிபந்தனையோடு. அடி தட்டையாக இருக்க வேண்டும். தூக்கித்தான் வைக்க வேண்டும், இழுக்கக் கூடாது. இழுத்தால் விழும் கீறல் போகாது. நடுத்தரச் சூட்டில் மெதுவாகக் காய வைக்க வேண்டும். அவசரத்துக்கு உச்சத்தில் வைத்தால் நடுவில் கருகும், ஓரத்தில் தோசை வேகாது. சின்ன பர்னரில் பெரிய கல்லை வைத்துவிட்டு மாவைக் குறை சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அலுமினியப் பாத்திரம் சாம்பல் நிறக் கோடு விடும். அலுமினிய ஃபாயில் சூட்டில் கண்ணாடியோடு உருகி ஒட்டிக்கொள்ளும். அப்பளமோ சப்பாத்தியோ கண்ணாடிமேல் நேரடியாகச் சுட வேண்டாம்.

மேல் அலமாரியில் கனமான மசாலா பாட்டில்களை அடுக்கினால், ஒன்று கைதவறி விழுந்தாலே கண்ணாடி விரிசல் விடும். விரிசல் விட்ட பரப்பில் சமைக்கவே கூடாது. வழிந்த நீர் உள்ளே இறங்கி மின்சாரம் தாக்கலாம். பிரேக்கரை இறக்கிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

இனிப்பு வழிந்தால் மட்டும் விதியே தலைகீழ். மற்ற எல்லாம் ஆறிய பிறகு துடைக்கலாம். வெல்லப்பாகு, ஜீரா, பாயசம், ஜாம் ஆகியவற்றைச் சூடாக இருக்கும்போதே எடுக்க வேண்டும். ஆறினால் சர்க்கரை இறுகிக் கண்ணாடியைப் பெயர்த்துக்கொண்டு வரும். குழி விழுந்தால் சரிசெய்ய வழியில்லை. அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுகிறவர்கள் தொடங்கும் முன்பே சுரண்டியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

1. பர்னரை அணைத்து, பாத்திரத்தை எடுத்துவிடுங்கள்.
2. கைக்குத் தடித்த ஓவன் உறை போடுங்கள்.
3. பிளேடு பொருத்திய சுரண்டியை 45 டிகிரி சாய்வில் பிடித்து, பாகைச் சூடில்லாத பகுதிக்குத் தள்ளுங்கள்.
4. முழுக்க ஆறியதும் மிச்சத்தை கிளாஸ்டாப்புக்கென்று விற்கும் கிரீம் போட்டுத் துடையுங்கள்.

தினசரித் துடைப்புக்கு ஈரத்துணியும் பாத்திர சோப்பும் போதும். ஸ்டீல் நார், பிளீச், அம்மோனியா கலந்த ஜன்னல் திரவம் மூன்றும் வேண்டாம். சூடான கண்ணாடியில் ஈரத்துணியும் வேண்டாம்; ஆவி கையைச் சுடும்.

காயில் அடுப்புக்கு

சுருளைத் தண்ணீரில் முக்காதீர்கள். ஒட்டியது தானே எரிந்து போகும். அடியிலிருக்கும் கிண்ணத்தை மட்டும் கழற்றிக் கழுவுங்கள். அந்தக் கிண்ணத்துக்குள் ஃபாயில் விரிப்பது நம்மவர்களிடம் பரவலான பழக்கம். வேலை குறைகிறது என்பது சரி. ஆனால் ஃபாயில் சுருளைத் தொட்டால் மின்கசிவு, தீ இரண்டுக்கும் வழி. ஓவனின் புகைத்துளை பின் பர்னர் ஒன்றின் அடியில் திறக்கும் மாடல்களில் அதையும் அடைத்துவிடும்.

தாளிப்பும் எண்ணெய்த் தீயும்

கடுகு போடும் முன்பே மேலே உள்ள விசிறியைப் போடுங்கள். பல அடுக்குமாடி வீடுகளில் ரேஞ்சுக்கு மேல் மைக்ரோவேவ் இருக்கும். அதன் விசிறி காற்றை வெளியே தள்ளாமல் வடிகட்டி வழியே திரும்ப வீட்டுக்குள்ளேயே விடும். அப்படியென்றால் ஜன்னலும் திறக்க வேண்டும். மிளகாய் நெடிக்கு ஸ்மோக் அலாரம் அலறுகிறது என்று பேட்டரியைக் கழற்றி வைப்பவர்கள் உண்டு. பிறகு திரும்பப் போடுவதே இல்லை.

பொரிக்கும்போது எண்ணெய் பாத்திரத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் வேண்டாம். குழந்தைகள் மூன்றடி தள்ளியே நிற்கட்டும். பின் பர்னருக்குக் கை நீட்டும்போது முந்தானை, துப்பட்டா, தளர்ந்த நைட்டிக் கை முன் பர்னரில் படும், செருகிக்கொள்ளுங்கள், மடித்துவிடுங்கள். அடுப்பு சிவக்கவில்லை என்பதால் துணி பற்றாது என்று நினைக்க வேண்டாம்.

எண்ணெய் தீப்பிடித்தால்:

1. தண்ணீர் ஊற்றாதீர்கள். தீ வெடித்துப் பரவும்.
2. பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள்.
3. தட்டையான உலோக மூடியைப் பக்கவாட்டிலிருந்து நகர்த்தி மூடுங்கள்.
4. பர்னரை அணையுங்கள். மூடியைத் திறந்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள். முழுக்க ஆறிய பிறகே திறக்க வேண்டும்.
5. அடங்கவில்லையென்றால் எல்லாரையும் வெளியேற்றி, கதவைச் சாத்தி, வெளியிலிருந்து 911ஐ அழையுங்கள்.

ஓவனுக்குள் தீ வந்தால் இன்னும் சுலபம்: கதவைத் திறக்காதீர்கள், ஓவனை அணையுங்கள். காற்றில்லாமல் தானே அடங்கும்.

ஓவன் அலமாரி இல்லை

கேக் செய்யாத வீட்டில் ஓவன் வாணலி வைக்கும் இடமாகிவிடுகிறது. இடப் பற்றாக்குறையில் இது எனக்குப் புரிகிறது. ஆனால் விருந்தாளி வந்து பீட்சா சூடாக்க 400 டிகிரிக்கு வைத்தால், உள்ளே பிளாஸ்டிக் கைப்பிடி போட்ட குக்கர் இருக்கும். வைத்தே ஆக வேண்டுமென்றால் கட்டுப்பாட்டுப் பலகைமேல் ‘உள்ளே பாத்திரம்’ என்று சீட்டு ஒட்டுங்கள். பொத்தான் பூட்டும் வசதி இருந்தால் பூட்டி வையுங்கள். அடி இழுப்பறையிலும் செய்தித்தாள், பிளாஸ்டிக் டப்பா, எண்ணெய்க் குப்பி வேண்டாம்.

குமிழ்கள் முன்பக்கம் இருக்கும் ரேஞ்சில் இடுப்பு இடித்தே பர்னர் பற்றிக்கொள்ளலாம். பூனை, நாய் தாவியும் நடந்திருக்கிறது. 2024இல் அமெரிக்காவில் இதே காரணத்துக்காகப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின் ரேஞ்சுகளுக்குக் குமிழ்ப் பூட்டு அல்லது மூடி இலவசமாகத் தர நேர்ந்தது. குழந்தையோ வளர்ப்புப் பிராணியோ இருக்கும் வீட்டில், பர்னர்மேல் எதையும் விட்டுவைக்காமல் இருப்பதே முதல் பாதுகாப்பு.

செல்ஃப் கிளீன் பொத்தான்

1963இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த வசதி இது. ரசாயனம் எதுவும் இல்லை, வெறும் சூடு. சாதாரண சமையலில் ஓவன் 550 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டாது. இந்தப் பொத்தானை அமுக்கினால் 900 டிகிரி (சுமார் 480 செல்சியஸ்) அளவுக்குப் போகும். ஒட்டிய கொழுப்பு எரிந்து சாம்பலாகும். கதவு தானே பூட்டிக்கொள்ளும்.

இவ்வளவு சூட்டில் அழுக்கோடு வேறு சிலவும் போகலாம். சூட்டு ஃபியூஸ், கதவுப் பூட்டு, கட்டுப்பாட்டுப் பலகை ஆகியவை இந்தச் சுற்றில் பழுதாவது ரிப்பேர்காரர்களுக்குப் பழக்கமான விஷயம். அதனால் என் கணக்கு இது: வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை போதும். அதற்கு மேல் தேவைப்பட்டால் துடைப்பதில் குறை இருக்கிறது. தீபாவளிக்கோ தாங்க்ஸ்கிவிங்குக்கோ முந்தின நாள் போடவே போடாதீர்கள். வீட்டைக் காலி செய்யும் கடைசி இரவில் முன்பணத்தை நினைத்துப் போடுவது அதைவிட மோசம். பழுதானால் சரிசெய்ய நாளிருக்காது.

*தொடங்கும் முன்*

1. கிளி, லவ் பேர்ட்ஸ் வளர்த்தால் அவற்றை நல்ல காற்றோட்டமுள்ள வேறிடத்துக்கு, முடிந்தால் வேறு வீட்டுக்கே, மாற்றுங்கள். இந்தப் புகை பறவைகளைக் கொல்லும். ஆஸ்துமா உள்ளவர்களும் கைக்குழந்தையும் அந்தச் சில மணி நேரம் வெளியே இருப்பது நல்லது.
2. ஓவனைக் காலி செய்யுங்கள். தட்டு, ஃபாயில், வெப்பமானி, மேலிருக்கும் காயில் கிண்ணம் எதுவும் உள்ளே போகக் கூடாது. நான்ஸ்டிக் பூச்சுள்ளது ஒன்றுகூட இருக்கக் கூடாது.
3. கம்பித் தட்டுகளை எடுத்துவிடுங்கள். பளபளப்பான தட்டுகள் உள்ளே இருந்தால் நிறம் மங்கி, பிறகு நகராமல் சிக்கும். கையேடு அனுமதித்தால் மட்டும் விடலாம்.
4. அடியில் தேங்கிய எண்ணெயையும் பெரிய கரியையும் துடைத்தெடுங்கள். ‘தானே சுத்தமாகும்’ என்று இதை விட்டுவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. தேங்கிய எண்ணெய் அந்தச் சூட்டில் புகையும், தீயும் பிடிக்கும்.
5. கதவைச் சுற்றி ஓடும் நார்ப்பட்டையைத் தேய்க்காதீர்கள், நனைக்காதீர்கள். சூட்டை உள்ளே நிறுத்துவது அதுதான். பட்டைக்கு வெளியே இருக்கும் சட்டத்தைச் சூடு சுத்தம் செய்யாது. அதை மட்டும் சோப்புத் துணியால் துடையுங்கள்.
6. கடையில் விற்கும் ஓவன் கிளீனரைத் தெளிக்காதீர்கள். எச்சம் உள்பூச்சை அரிக்கும்.
7. உள்விளக்கை அணையுங்கள். ஜன்னலைத் திறங்கள், விசிறியைப் போடுங்கள்.

*நடக்கும்போது*

லேசான அழுக்குக்கு இரண்டு மூன்று மணி நேரம், அதிகமென்றால் நான்கைந்து. குறைந்த நேரத்திலிருந்தே தொடங்குங்கள். பகலில், வீட்டில் ஆள் இருக்கும்போது போடுங்கள். தூங்கப்போகும் முன் வேண்டாம். கதவுக் கண்ணாடியும் பக்கமும் வழக்கத்தைவிடச் சுடும். மேலே பர்னரில் சமைக்காதீர்கள். பக்கத்துத் துண்டு, ரொட்டிப் பாக்கெட் எல்லாவற்றையும் தள்ளி வையுங்கள். வாடையும் மெல்லிய புகையும் வரும். அடர்ந்த புகை வந்தாலோ உள்ளே தீ தெரிந்தாலோ ‘கேன்சல்’ அமுக்குங்கள், கதவை நெம்பாதீர்கள்.

*முடிந்த பிறகு*

சுற்று முடிந்தாலும் கதவு உடனே திறக்காது. போதிய அளவு ஆறும்வரை, அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம்வரை பூட்டியிருக்கும். நடுவில் மின்சாரம் போனாலும் இதே கதைதான். திறந்த பிறகும் முழுக்க ஆறவிட்டு, ஈரத்துணியால் வெள்ளைச் சாம்பலைத் துடையுங்கள். கம்பித் தட்டுகள் நகர மறுத்தால் ஓரங்களில் சமையல் எண்ணெயை லேசாகத் தடவலாம்.

சில புது மாடல்களில் ஸ்டீம் கிளீன் என்று தனியாக இருக்கும். அடித்தட்டில் தண்ணீர் ஊற்றிக் குறைந்த சூட்டில் ஓட்டுவது. புதுக்கறைக்கு அருமை, பழைய கரிக்கு ஒன்றும் செய்யாது. சமைத்த அன்றே போட்டால் பெரிய சுற்றுக்கு வேலையே வராது.

பொத்தானை நம்ப மனமில்லையென்றால் சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்து ஓவன் சுவரில் பூசுங்கள். சுருளிலும் நார்ப்பட்டையிலும் படாமல். ராத்திரி முழுக்க ஊறட்டும். காலையில் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்து, எச்சம் இல்லாமல் பலமுறை துடையுங்கள். கை வலிக்கும், வேறு சேதமில்லை.

கோளாறு வந்தால்

திரையில் ‘எஃப்’ என்று தொடங்கும் குறியீடு வந்தால் எழுதி வைத்துக்கொண்டு, பிரேக்கரை இறக்கி ஒரு நிமிடம் கழித்து ஏற்றுங்கள். மறுபடி வந்தால் ஆளைக் கூப்பிடுங்கள்.

செல்ஃப் கிளீனுக்குப் பிறகு ஓவன் சூடாகவே இல்லை, ஆனால் பர்னர்கள் வேலை செய்கின்றன என்றால், பெரும்பாலும் சூட்டு ஃபியூஸ் போயிருக்கும். இந்தச் சுற்றுக்குப் பிறகுதான் நின்றது என்று ரிப்பேர்காரரிடம் சொன்னால் அவர் அதிலிருந்தே தொடங்குவார்.

ஆறிய பிறகும் கதவு பூட்டியே இருந்தால், பிரேக்கரை இறக்கி ஏற்றிய பின் ஒருமுறை செல்ஃப் கிளீனைத் தொடங்கி உடனே ரத்து செய்து பாருங்கள். பூட்டு நகரும் மாடல்கள் உண்டு. கத்தியால் நெம்பினால் பூட்டும் போகும், கண்ணாடியும் போகும்.

சுருளில் கொப்புளம், வெடிப்பு, ஓரிடத்தில் மட்டும் கண்கூசும் வெளிச்சம் தெரிந்தால் அன்றே நிறுத்துங்கள். காயில் சுருளை ஆறியதும் இழுத்துக் கழற்றி, மாடல் எண்ணைச் சொல்லி அதே அளவில் நீங்களே வாங்கிப் பொருத்தலாம், பிரேக்கரை இறக்கிவிட்டு. ஓவனின் உள்சுருளும் பின்பக்க ஒயரும் தொழில் தெரிந்தவர் கையில் இருக்கட்டும்; வாடகை வீட்டில் அதற்கு ஆள் அனுப்புவது உரிமையாளர் வேலை.